ஜப்பானில் டோக்கியோவாசிகளிடம் கார் குறைவாகவும், சிற்றூர்க் குடும்பங்களிடம் இரண்டு மூன்றும் இருப்பது ஏன்?

கார் இல்லாமல் அந்த ஊரில் பிழைக்க முடியுமா, முடியாதா என்பதுதான் காரணம். பணம் அல்ல. சம்பளம் அதிகம் கிடைப்பது டோக்கியோவில். ஆனால் அங்கே குடும்பத்துக்குச் சராசரியாக 0.4 கார்தான். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் காரே கிடையாது. ஜப்பான் கடலோரத்தில் இருக்கும் ஃபுகுயி மாகாணத்தில் இது சுமார் 1.7. பல வருடங்களாக நாட்டிலேயே முதலிடம்.

டோக்கியோவில் இருந்தவரை எனக்குக் கார் வாங்கும் எண்ணமே வந்ததில்லை. சில நிமிடத்துக்கு ஒரு ரயில் வருகிறது. வாங்கினாலும் எங்கே நிறுத்துவது? வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். 1962-ல் வந்த சட்டம் இது. இரவில் தெருவோரம் விட்டுவைக்க முடியாது. நகரின் நடுப்பகுதியில் நிறுத்துமிட வாடகையே மாதம் 30,000 யென்னைத் தாண்டும். அதற்கு மேல் வரி, காப்பீடு, ‘ஷாக்கென்’ என்னும் கட்டாயச் சோதனை.

ஃபுகுயிக்குக் குடிவந்த பிறகுதான் மறுபக்கம் புரிந்தது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் இங்கே மிக அதிகம். மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீடுகளும் நிறைய. கணக்கெடுப்பில் ‘ஒரு குடும்பம்’ என்று வருவது நடைமுறையில் மூன்று, நான்கு பேர் தனித்தனி திசையில் கிளம்பும் வீடு. பேருந்தோ எப்போதாவதுதான். அதனால் ஆளுக்கொரு வண்டி.

அதைச் சாத்தியமாக்குவது ‘கெய்’ எனப்படும் சிறிய ரகக் கார். 660 சிசி இன்ஜின், 3.4 மீட்டர் நீளம், மஞ்சள் நம்பர் பிளேட். வருட வரி 10,800 யென். 1 லிட்டர் இன்ஜின் உள்ள சாதாரண காருக்கு 25,000 யென். பல கிராமங்களில் கெய் காருக்கு அந்த நிறுத்துமிடச் சான்றிதழும் தேவையில்லை. வயல் வைத்திருப்பவர்களிடம் கூடுதலாக ஒரு கெய் டிரக்கும் நிற்கும். கெய் காரின் வரி 2015 வரை 7,200 யென்னாக இருந்தது. புது வண்டிகளுக்கு அதை உயர்த்தியது எனக்கு நியாயமாகப் படவில்லை. வேறு வழியில்லாதவர்கள் தலையில் விழுந்த சுமை அது.

இதில் அதிகம் கஷ்டப்படுவது வயதானவர்கள். 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகேபுகுரோவில் 87 வயதுக்காரர் ஓட்டிய கார் மோதித் தாயும் குழந்தையும் இறந்தார்கள். அந்த வருடம் சுமார் 6 லட்சம் பேர் தாங்களாகவே ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். டோக்கியோவில் கொடுத்துவிட்டால் ரயிலில் போகலாம். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த பிறகு, மருத்துவமனைக்குப் போகவும் மருமகளின் விடுமுறை நாளுக்காகக் காத்திருக்கிறார்.

‘எல்லாரிடமும்தான் கார் இருக்கிறதே, நஷ்டத்தில் ஓடும் ரயில் எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு ஃபுகுயியிலேயே பதில் இருக்கிறது. இங்கே கெய்ஃபுகு என்ற நிறுவனத்தின் ரயில்கள் 2000 டிசம்பரிலும் 2001 ஜூனிலும் இரண்டு முறை நேருக்கு நேர் மோதின. சேவை அப்படியே நின்றது. மாற்றுப் பேருந்து விட்டார்கள். அதுவும் நெரிசலில் சிக்கியது. பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றோர் காரில் கொண்டுபோய் விட, சாலைகள் இன்னும் திணறின. பனிக்காலத்தில் கேட்கவே வேண்டாம். நாட்டிலேயே அதிகக் கார் வைத்திருக்கும் மாகாணமே ரயில் இல்லாமல் தத்தளித்தது. கடைசியில் மாகாண அரசும் பாதையோர ஊர்களும் பணம் போட்டு, 2003-ல் எச்சிசென் ரயில்வே என்ற பெயரில் அதை மீண்டும் ஓடவிட்டார்கள். பெரியவர்களைக் கைப்பிடித்து ஏற்றி இறக்கவும் டிக்கெட் கொடுக்கவும் பெட்டிக்குள் பணிப்பெண்களை நியமித்தார்கள். இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.