‘போகட்டும்’ என்று யார் சொல்வது?

கேள்வி: வாடகை வீட்டைக் காலி செய்தபோது, பெயிண்டிங் செலவு என்று சொல்லி அட்வான்ஸில் 20,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார் ஹவுஸ் ஓனர். பில் காட்டவில்லை. திரும்பக் கேட்டால் ‘லெட் பைகான்ஸ் பி பைகான்ஸ்’ என்று மெசேஜ் அனுப்புகிறார். இதன் சரியான பொருள் என்ன? எங்கே சொல்லலாம்?
- வாசகி, மேற்கு மாம்பலம், சென்னை-33.

பதில்: ‘போனது போகட்டும்’ என்பதுதான் பொருள். ‘பைகான்’ என்றால் கடந்துபோனது. கடைசியில் வரும் ‘ஸ்’ பன்மை. பழைய சண்டை, மனஸ்தாபம் எல்லாம் அதில் அடக்கம். அந்த ‘ஸ்’ஸை விழுங்கிவிட்டு ‘பைகான் இஸ் பைகான்’ என்று சிலர் சொல்வது தப்பு.

சரி, யார் சொல்வது? ‘லெட்’ என்பது நம் ‘போகட்டும்’, ‘இருக்கட்டும்’ போலத்தான். போகட்டும் என்று விட, விடும் உரிமை கையில் இருக்க வேண்டும். அது நஷ்டப்பட்டவரிடம்தான் உண்டு. 1636-இல் சாமுவேல் ரூதர்ஃபோர்டு என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒரு கடிதத்தில் இந்தத் தொடரை எழுதியிருக்கிறார். எனக்கும் ஆண்டவருக்கும் இடையே போனது போனதாகட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார். போகட்டும் என்று தானே முடிவு கட்டவில்லை, கேட்டு நிற்கிறார்.

திருவல்லிக்கேணியில் நான் சிறுவனாக இருந்தபோது பார்த்தது. பாகத் தகராறில் ஏழெட்டு வருஷம் பேசாமல் இருந்த சின்னத் தாத்தா ஒருநாள் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படியிலேயே நின்றார். “தப்பு என்னுதுதான், மனசுல வெச்சுக்காதேண்ணா” என்றார். தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. திண்ணையில் கிடந்த பேப்பரை மடித்து வைத்து, நகர்ந்து இடம் விட்டார். அப்புறம்தான், “போனது போகட்டும், உட்காரு” என்றார். அந்த வரிசை மாறியிருந்தால் அன்று சமாதானமே நடந்திருக்காது.

உங்கள் ஓனர் மனதில் இருப்பது ‘நடந்தது நடந்துபோச்சு, விடுங்க’ என்பது. அது வேறு பேச்சு. பணத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பணத்தை இழந்தவர் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தானே சொல்லியிருக்கிறார். இலக்கணம் சரி, சொன்ன வாய்தான் தப்பு. அந்த மெசேஜைப் படித்துவிட்டு நீங்கள் கூச்சப்பட்டுப் பேசாமல் இருக்கத் தேவையில்லை.

பதிலைத் தமிழிலேயே அனுப்புங்கள்: “போகட்டும் என்று நான் இன்னும் சொல்லவில்லை. பெயிண்ட் பில்லை அனுப்புங்கள், மீதியைப் பேசலாம்.”