விரலை விரிச்சு வை

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவன். போன வாரம் கிச்சனர் ரோட்டில், சிட்டி ஸ்குவேர் மாலுக்குப் பக்கத்தில் விட்டுவைத்திருக்கும் பழைய நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவின் வாசலைப் பார்த்தபோது தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. நியூ வோர்ல்டிலும் ஹேப்பி வோர்ல்டிலும் கிங் காங், தாரா சிங் மாதிரி குத்துச்சண்டை வீரர்களைப் பார்த்த கதையை அவர் சொல்லாத நாள் கிடையாது. அவர் சென்னை ராயபுரத்திலிருந்து வந்தவர். அங்கத்திய குத்துச்சண்டைப் பரம்பரைகள், கித்தேரி முத்து என்ற வீரர் என்று தொடங்கினால் சோறு ஆறிவிடும். சையத் அப்துல் காதர் பதக்கம் வாங்கிய காலமும் போய்விட்டது. இன்று நம் சிங்கப்பூரில் குத்துச்சண்டை வீரர் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? தலைக்கவசம், டாக்டர், ஸ்கேன் என்று மெத்தையில் வைத்து வளர்க்கிறார்கள். 15 ரவுண்டு நின்று அடித்த அந்த இரும்பு மனிதர்கள் எங்கே போனார்கள்?

இன்னொன்று. மகன் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, பிஎஸ்எல்இ, முடித்துவிட்டான். நாள் முழுக்கக் கைப்பேசிதான். குத்துச்சண்டை வகுப்பில் சேர்க்கலாமா? கொஞ்சம் தைரியம் வரும் என்று நினைக்கிறேன்.

ஆர்., ஈசூன்

அன்புள்ள ஆர்.,

முதலில் ஒரு குட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிங் காங்கும் தாரா சிங்கும் மல்யுத்தக்காரர்கள். கையுறை மாட்டியவர்கள் இல்லை. தாரா சிங் 1940களின் கடைசியில் பஞ்சாபிலிருந்து இங்கே பிழைக்க வந்து, கிரேட் வோர்ல்டில் பயிற்சி எடுத்து, பிறகுதான் பம்பாய்க்குப் போய்ப் படத்தில் எல்லாம் நடித்தார். கிங் காங் 1970இல் கார் விபத்தில் அடிபட்டு, சிங்கப்பூரில்தான் இறந்தார். இரண்டு பேரையும் பார்க்கச் சனம் முட்டி மோதியது உண்மை. ஆனால் அதில் பாதி பலம், பாதி நாடகம். உங்கள் தாத்தா இரண்டு ஆட்டத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருக்கிறார். தாத்தாக்களுக்கு அந்த உரிமை உண்டு. பேரன் அதைச் சரிபார்க்காமல் எனக்கு அனுப்புவதுதான் தப்பு.

ராயபுரத்துக்குள் நான் போகவில்லை. அந்தத் தெருக்களில் பிறந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேசட்டும்.

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த 'இரும்பு மனிதர்கள்' என்ற சொல்லால்தான். 2025 ஜூலையில் பிலிப்பீன்ஸ் குத்துச்சண்டை வீரர் பாக்கியாவ் 46 வயதில் மறுபடி மேடை ஏறியதிலிருந்து எனக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருக்கிறது. நீங்கள் அதன் மேல் சரியாகக் கை வைத்துவிட்டீர்கள்.

தோ பாயோவில் நாங்கள் இருந்த புளோக்கில் நாலாம் மாடியில் ஒரு மாமா இருந்தார். பெயர் எழுதவில்லை, அவர் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். அதற்கு முன்னால், இளந்தாரியாக இருந்தபோது, ஹேப்பி வோர்ல்டு மேடையில் குத்துச்சண்டை போட்டவர். பெரிய சண்டை இல்லை. பெரிய சண்டைக்கு முன்னால், சனம் வந்து உட்கார்ந்து கச்சான் கொறிக்கும் நேரத்தில் நடக்கும் நாலு ரவுண்டு சில்லறைச் சண்டை. "ஜெயிச்சது ஆறு, தோத்ததை எண்ணல" என்பார். தோற்றாலும் அஞ்சு வெள்ளி, அதனால் எண்ணவில்லையாம்.

எனக்குப் பத்து பதினொரு வயது. சாயங்காலம் நடைவழியில் எங்களை வரிசையாக உட்காரவைத்துக் கையில் துணி கட்டுவார். பழைய சாரோங்கைக் கிழித்து நீளமாகத் தைத்த துணி. ஒரு முனையில் சின்ன வளையம், அதைக் கட்டைவிரலில் மாட்டிவிடுவார். அப்புறம் மணிக்கட்டில் மூன்று சுற்று, புறங்கையில் குறுக்கே, விரல் முட்டிகளின் மேலே, மறுபடி மணிக்கட்டு. துணி விரலிடுக்கில் நுழையும்போது கூசும், நாங்கள் கையைச் சுருக்குவோம். "விரலை விரிச்சு வைடா" என்று அதட்டுவார். விரித்து வைத்துக் கட்டினால்தான் முஷ்டி மடக்கும்போது துணி இறுகி எலும்பைப் பிடிக்குமாம். சுருக்கி வைத்துக் கட்டினால் மடக்கும்போது ரத்தம் நின்று கை மரத்துவிடும். கட்டி முடித்து, என் முஷ்டியைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். அந்த அழுத்தம் இப்போதும் எனக்குத் தெரிகிறது.

1974 தொடக்கத்தில் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் காதர் வெண்கலம் வாங்கினார். 48 கிலோ எடைப் பிரிவு. "நாப்பத்தெட்டா? எங்கக்காவே அதைவிட வெயிட்டு" என்று நான் சொன்னதற்குத் தலையில் ஒரு தட்டு விழுந்தது. பேப்பரில் வந்த அந்தத் துண்டை மாமா சட்டைப்பையில் மடித்துவைத்து, வேர்வையில் எழுத்து அழியும்வரை கொண்டு அலைந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்னால் காதர் மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போனதும் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். காமன்வெல்த் குத்துச்சண்டையில் நமக்குக் கிடைத்த பதக்கம் அது ஒன்றுதான். அதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் மாமா பேச்சில் 'நம்ம பாரம்பரியம்' என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை. அவர் பேசியதெல்லாம் மணிலாக்காரர்களைப் பற்றி. அந்தக் கால மேடைகளில் சனத்தை இழுக்க மணிலாவிலிருந்துதான் ஆட்களைக் கூட்டி வருவார்கள். அவர்களுக்கு 1923இலேயே பாஞ்சோ வில்லா என்று ஓர் உலகச் சாம்பியன், ஆசியாவிலேயே முதல் ஆள். 1960இல் எலோர்டே. இங்கே அவர்களோடு மோதியவர்களில் சீனர், மலாய்க்காரர், நம்மாள், யுரேஷியர் என்று எல்லோரும் உண்டு. சனம் கைதட்டியதும் நாட்டுக்காக இல்லை, கட்டிய பந்தயத்துக்காக. சரி, இதை நீட்டவில்லை.

நீட்ட வேண்டியது வேறு.

எனக்கு இருபது வயது இருக்கும், தேசிய சேவையில் இருந்தேன். மாமாவுக்கு அப்போது ஐம்பதுதான். பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. நடக்கும்போது வலது கால் கொஞ்சம் தாமதமாக வரும். கீழே கோப்பிக்கடையில் கோப்பியைத் தட்டில் ஊற்றும்போது பாதி மேசையில் கொட்டும். ஒரு கிளினிக்கில் "எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டு அனுப்பினார்கள். மாமா வாழ்நாளில் சொட்டு குடித்ததில்லை. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்லிச் சிரித்தாராம். அத்தை சிரிக்கவில்லை.

1928இலேயே மார்ட்லாண்டு என்ற அமெரிக்க மருத்துவர் இதைப் பற்றி எழுதிவிட்டார். தலையில் அடி வாங்கி வாங்கி, குடிக்காமலே குடித்தவன் போலத் தள்ளாடும் நிலை. அந்த கிளினிக்கில் அதைப் படித்தவர் யாரும் இல்லை போல. புளோக்கில் நாங்களும் படிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை ராத்திரி, புளோக்குக்குக் கீழே நண்பர்கள் நடுவில், மாமா பேசுவதைப் போலவே நான் குழறிக் காட்டினேன். நன்றாகவே செய்தேன், எல்லோரும் விழுந்து சிரித்தார்கள். திரும்பினால் லிஃப்டுக்குப் பக்கத்தில் மாமா ரொட்டிப் பையோடு நிற்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. லிஃப்டு வந்தது, ஏறிப் போய்விட்டார்.

நீங்கள் தேடுகிற இரும்பு மனிதரில் ஒருவர் எங்கே போனார் என்று கேட்டால், நாலாம் மாடிக்குப் போனார்.

'15 ரவுண்டு' என்று பெருமூச்சு விடுகிறீர்களே, அது ஏன் 12 ஆனது தெரியுமா? 1982 நவம்பர் 13, லாஸ் வேகஸ். ரே மான்சினிக்கு எதிரே கொரியாவின் கிம் டுக்-கூ. 14ஆவது ரவுண்டில் கிம் விழுந்தார். கயிற்றைப் பிடித்து எழுந்தும் நின்றார். நடுவர் சண்டையை நிறுத்தினார். மூளையில் ரத்தக்கசிவு. சில நாளில் உயிர் போனது. அதற்குப் பிறகுதான் உலகப் பட்டம் வழங்கும் டபிள்யூபிசி அமைப்பு 12 ரவுண்டாகக் குறைத்தது, மற்ற அமைப்புகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. அந்த மூன்று ரவுண்டைத்தான் நீங்கள் திருப்பிக் கேட்கிறீர்கள்.

தலைக்கவசம் பற்றிக் கேலி செய்திருக்கிறீர்கள். ஒலிம்பிக்கில் அதை 1984இல் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 2016 ரியோவிலேயே எடுத்தும் விட்டார்கள். தொழில்முறைச் சண்டையில் அது என்றைக்குமே கிடையாது. இன்றைய குத்துச்சண்டையைப் பார்த்துவிட்டுத்தான் திட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பார்க்கவே இல்லை.

கோபமாக எழுதுகிறேன், தெரிகிறது. கோபத்தில் பாதி என் மேல்தான்.

1996 ஜூலை, ஒரு சனிக்கிழமைக் காலை. அம்மா தோசை சுட்டு, நாலாம் மாடிக்குக் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினாள். அதற்குள் மாமா எங்கும் தனியாக வெளியே போவதில்லை. அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழா டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் தீபம் ஏற்ற வந்து நின்றது முகமது அலி. 1984இலேயே அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று சொல்லியிருந்தார்கள். வலது கையில் தீப்பந்தம், இடது கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. உலகமே கண்கலங்கியது என்று மறுநாள் எழுதினார்கள். மாமா கண்கலங்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டு, ஆடிக்கொண்டிருந்த தன் இடது கையை மெதுவாகத் தூக்கித் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். தோசைப் பாத்திரத்தைக் கீழே வைக்க மறந்து நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த லிஃப்டு விஷயத்துக்கு அன்றைக்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதனால்தான் பாக்கியாவ் திரும்பி வந்தபோது என்னால் கொண்டாட முடியவில்லை. எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற மனிதர். 46 வயதில் மரியோ பாரியோஸோடு 12 ரவுண்டு ஆடிச் சமன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை லக்கி பிளாசா பக்கம் போயிருந்தேன், பிலிப்பினோப் பெண்கள் கைப்பேசியைச் சுற்றிக் கூட்டமாக நின்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் மட்டும் ஒவ்வொரு தடவை அவர் அடி வாங்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டாள். அவளோடுதான் நான் சேர்ந்தவன். அவரை மறுபடி மேடை ஏற்றியது பணம் மட்டும் இல்லை, ரசிகனின் ஏக்கமும்தான். தன் இளமையைத் திரும்பப் பார்க்க இன்னொருவன் தலையை வாடகைக்குக் கேட்கிற ஏக்கம்.

இப்போது யார் இருக்கிறார்கள் என்றீர்கள். முகமது ரித்வான் என்று ஒருவர் உண்டு. 2018 செப்டம்பரில் ஓசிபிசி அரங்கில், நமீபியாவின் பாலஸ் அம்புண்டாவோடு ஐபிஓ என்ற அமைப்பின் உலகப் பட்டத்துக்கு மோதினார். 12 ரவுண்டும் முடிந்து, நடுவர்கள் ஒருமனதாக இல்லாத தீர்ப்பில் தோற்றார். உள்ளூர்ப் பையன் உலகப் பட்டத்துக்கு அவ்வளவு கிட்டே வந்த ராத்திரி அது. எம்ஆர்டியில் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? தனிஷா மதியழகன் என்ற பெயர் காதில் விழுந்திருக்கிறதா? தமிழ்ப் பெண், சிங்கப்பூருக்காகக் கையுறை மாட்டியவர். தாத்தா பார்த்ததை எழுதுகிறீர்கள். உங்கள் பேரனுக்குச் சொல்ல நீங்கள் என்ன பார்த்தீர்கள், ஒரு வாசல் வளைவைத் தவிர?

மகன் விஷயத்தை மறந்தே போனேன். கடிதத்தில் நீங்கள் நினைப்பது இருக்கிறது, தாத்தா நினைத்தது இருக்கிறது, பையன் என்ன சொன்னான் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அவனைக் கேளுங்கள். சரி என்றால் சேருங்கள். கயிறு தாண்டுவதும் பையைக் குத்துவதும் உடம்புக்கு நல்லது, பன்னிரண்டு வயதுக்குக் காலை எப்படி வைப்பது என்று கற்றுக்கொண்டாலே போதும். கைப்பேசியை விடுவானா என்று கேட்காதீர்கள், விடமாட்டான். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். எந்த வயதில் எதிராளியோடு மோதவிடுவீர்கள், தலையில் அடிக்க எப்போது அனுமதிப்பீர்கள், அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொன்னால் பணத்தைக் கட்டுங்கள். "பையனை மெத்தையில் வளர்க்கிறீர்களா?" என்று சிரித்தால், அவன் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அன்புடன்.