டிசம்பர் வரை தோண்டாதீர்கள், தம்பி

ஸ்காட்லாந்தில் நான் இருக்கும் எடின்பரோவுக்கு வேலைக்கு வரப்போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, இரண்டாம் மாடி வீடு, சின்ன பால்கனி. ஓகா, யாகோன் என்று பெரு நாட்டுக் கிழங்குகள் குளிர் ஊரில் நன்றாக வருமாமே, தொட்டியில் போடலாமா? வாடகை, பிள்ளைகள் பள்ளி பற்றியும் சொல்லுங்கள்."

வாடகையும் பள்ளியும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிழங்குக்கு வருகிறேன், அதில் நான் பட்டது நிறைய.

குளிர் ஊரில் வரும் என்பது பாதி உண்மைதான். அவை வரும் பெருவின் ஆண்டிஸ் மலையில் குளிர் உண்டு, ஆனால் பகல் நம் ஊர் மாதிரி வருடம் முழுக்க ஏறத்தாழ 12 மணி நேரம். இங்கே ஜூனில் பதினேழரை மணி நேரம்! ஓகா கோடை முழுக்க இலையாகத் தழைக்கும், கிழங்கு வைக்காது. செப்டம்பர் கடைசியில் பகல் 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அடியில் வேலை தொடங்கும். அந்த நேரம் பார்த்து உறைபனி வந்து இலையைக் கருக்கிவிடும்.

நான் வந்தது 2008 அக்டோபரில். மூன்றே வாரத்தில் மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது. பேச ஆளில்லை. கீழ்வீட்டுப் பாட்டி அடுத்த வசந்தத்தில் ஒரு கைப்பிடி ஓகா கொடுத்தார். கட்டைவிரல் நீளம், ரோஜா நிறம், மெழுகு பூசிய மினுக்கம், குறுக்கே மடிப்பு மடிப்பாக. முளைத்த இலையைப் பார்த்தால் அப்படியே நம் புளியாரை! கிள்ளி வாயில் போட்டேன், அதே புளிப்பு. இரண்டும் ஒரே குடும்பம் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அழுதே விட்டேன்.

அக்டோபரில் ஆசையாகத் தோண்டினேன். நூல் நூலாக வேர், நுனியில் சுண்டைக்காய் அளவுக்கு நாலைந்து. அத்தனையையும் குப்பையில் கொட்டினேன். பாட்டி தலையில் கை வைத்துக்கொண்டு, "டிசம்பர் வரை தொடக் கூடாதும்மா" என்றார்.

உறைபனியிலிருந்து காப்பாற்ற, தொட்டியில் வளர்ப்பவருக்குத்தான் வசதி. 25, 30 லிட்டர் தொட்டிக்கு ஒரு கிழங்கு. ஏப்ரலில் வீட்டுக்குள் முளைக்கவிட்டு மே கடைசியில் வெளியே வையுங்கள். அக்டோபரிலிருந்து சுவரோரம் தள்ளி, உறைபனி இரவுகளில் துணி போர்த்துங்கள். விளக்கு எரியும் அறைக்குள் மட்டும் வேண்டாம், நீண்ட இருட்டுதான் அதற்குக் கணக்கு. இலை கருகினாலும் இரண்டு வாரம் பொறுங்கள். தோண்டியதை ஜன்னலோர வெயிலில் சில நாள் வைத்தால் புளிப்பு குறையும். புளிக்குழம்பில் போட்டால் புளி பாதி போதும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவோடு சாப்பிடுங்கள், ஆக்சாலிக் அமிலம் இருக்கிறது.

யாகோன் சூரியகாந்திக் குடும்பம், ஆள் உயரம் வளரும், 40 லிட்டராவது வேண்டும். தண்டை ஒட்டிய சிவப்பு முண்டுகள் அடுத்த வருட நடவுக்கு. அடியில் தொங்கும் பெரிய கிழங்குதான் தின்பதற்கு. பச்சையாகவே பேரிக்காய் போல இருக்கும்.

பால்கனியில் வைக்குமுன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஈரத்தொட்டியை ஒருவரால் தூக்க முடியாது. என் முதல் வீட்டில் தொட்டித் தண்ணீர் வழிந்த கறைக்கு முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள், இன்றும் ஆறவில்லை. அடித்தட்டு வையுங்கள்.

இன்னொன்று. நம் ஆட்கள் சிலர் ஊரிலிருந்து நடவுக்கென்று கிழங்கைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவருகிறார்கள். நோய், பூச்சி இல்லை என்று காட்டும் பயிர்நலச் சான்றிதழ் இல்லாமல் அது கூடாது, கிழங்கோடு வைரஸும் வரும். ஜன்னலோரம் முருங்கையை நட்டுவிட்டு, இந்த ஊரில் எதுவும் வராது என்று புலம்புகிறவர்களையும் எனக்குப் பொறுக்காது. பதினைந்து வருடமாக என் தொட்டியில் ஓகா வருகிறது, இலையில் துவையலும் அரைக்கிறேன்.

நீங்கள் எதையும் கொண்டுவர வேண்டாம். மார்ச்சுக்குள் வந்துவிட்டால் சொல்லுங்கள், பாட்டி கொடுத்த வழியில் வந்த கிழங்கு ஒரு கைப்பிடி எடுத்து வைக்கிறேன்.