தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே, உண்மையா?

விழும். மார்கழி மாதத்து நண்பகலில் கோயிலுக்குச் சென்று, சண்டிகேசுவரர் சன்னதி இருக்கும் வடக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள், ஐயத்துக்கே இடமிருக்காது. வீட்டுப் பிள்ளை யாரேனும் கேட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல்தான் இங்கே கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தஞ்சை வட்டாரப் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காத வகுப்பே இருந்ததில்லை.

கோயிலைக் குறைத்துப் பேசுகிறான் என்று சிலர் கிளம்பக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பிரதோஷம் தவறாமல் பெருவுடையாரைக் கும்பிடுகிறவன் நான். கருங்கல்லே கிடைக்காத காவிரிச் சமவெளியில், ஏறத்தாழ 66 மீட்டர் உயரத்துக்கு ஒரு விமானத்தை எழுப்பி 1010-இல் முடித்துக் காட்டிய இராசராசனுக்கு, நடக்காத அதிசயம் ஒன்றை நாம் இனாமாகக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த நம்பிக்கை வெறும் கட்டுக்கதையும் அன்று. விமானத்தின் அடித்தளம் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 30 மீட்டர். மேலே போகப் போகக் குறுகுகிறது. கோடையில் உச்சி வேளையில் சூரியன் தலைக்கு மேலே நெருங்கி நிற்பதால், கலசத்தின் நிழல் விமானத்தின் உடலைத் தாண்டி வெளியே வருவதற்கு வழியில்லை. பங்குனி, சித்திரையில் நண்பகலில் வந்து பார்த்துவிட்டு, ‘உச்சியின் நிழல் தரையில் இல்லை’ என்று ஒருவர் சொல்லியிருந்தால், அவர் சொன்னது சரிதான். ‘அந்த வேளையில்’, ‘அந்த மாதத்தில்’ என்ற இரண்டும் வாய்க்கு வாய் மாறுகையில் உதிர்ந்துபோயின.

ஒருமுறை அரையாண்டு விடுமுறையில் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். டிசம்பர் கடைசியில் நண்பகலில் சூரியன் நம் உச்சியிலிருந்து தெற்கே 34 பாகை சாய்ந்திருக்கும். கணக்குப் போட்டால் நிழல் விமானத்தின் நடுவிலிருந்து 45 மீட்டர் வடக்கே நீள வேண்டும். நிழலின் நுனி விழுந்த இடத்தில் ஒரு பையனை நிறுத்திவிட்டு மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, “சார், நிழல் என்னை விட்டுட்டுப் போவுது!” என்று கத்தினான். உண்மையிலேயே நிமிடத்துக்கு ஓர் அடி வீதம் அது கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அவனும் ஓரோர் அடியாக எடுத்து வைத்துக்கொண்டே போனான். பூமி சுழல்வதைப் படமாக எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அவன் கால்கள் காட்டிய அளவுக்கு அது விளங்கியதில்லை. அங்கிருந்த பெரியவர் ஒருவர், “கோயிலுக்கு வந்து குத்தம் கண்டுபிடிக்கிறீங்களா?” என்று கடிந்துகொண்டார். நான் வாதாடவில்லை, அந்தப் பையனே அவரை அழைத்துப்போய் நிழலின் நுனியில் நிறுத்தினான். நிறுத்திய பிறகு அவரும் நகர்ந்தார்.

நிழலே விழாத நாள் ஒன்று வேண்டும் என்றால், அது எல்லாருக்கும் உண்டு. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10, தஞ்சைக்கு ஏப்ரல் 18, சென்னைக்கு ஏப்ரல் 24 ஆகிய தேதிகளை ஒட்டி வரும்; ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலுமாக மறுபடி வடக்கிலிருந்து தெற்கே திரும்பும். இலங்கையில் ‘சூரியன் உச்சம் கொடுக்கிறது’ என்று ஏப்ரலில் ஊர்வாரியாக அறிவிப்பார்கள். தில்லிக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. இடைப்பட்ட மே, ஜூன் மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். வடக்குச் சுவர் அப்போது சுடுவதைத் தொட்டுப் பாருங்கள்.

இதில் எனக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று உண்டு. ஏப்ரல் நாள் ஆண்டுத் தேர்வில் மாட்டிக்கொள்ளும். தேர்வு நடக்கும்போது மாணவர்கள் மைதானத்தில் நிற்கக் கூடாது என்று மேலிருந்து சொல்லிவிடுவார்கள். ‘நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், அது ஆண்டில் இரண்டே நாள் உண்மை என்பதை வெளியே போய்ப் பார்க்க மட்டும் அனுமதி கிடைக்காது.

ஆகவே ஆகஸ்டுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டை ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்துவோம். நேரம் நெருங்க நெருங்க, குழாயின் உட்சுவரில் பிறை போல ஒட்டியிருந்த வெயில் இறங்கி, கடைசியில் அடித்தரை முழுவதையும் வட்டமாக நிரப்பிவிடும். வெளியே நிழல் என்று காட்ட ஒன்றும் இராது. அன்றே சென்னையில் இருக்கும் உறவினரை ஒரு மீட்டர் குச்சியின் நிழலை அளக்கச் சொல்லுங்கள். 4 சென்டிமீட்டர் வரும். அது 2.3 பாகை. தஞ்சைக்கும் சென்னைக்கும் தெற்கு வடக்கான தூரம் மட்டும் சுமார் 255 கிலோமீட்டர். 360-ஐ 2.3-ஆல் வகுத்து இந்தத் தூரத்தால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் என்று வந்துவிடும். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்ததும் இதே கணக்குதான். அவருக்குத் தொலைபேசி இல்லை.

செய்து பார்ப்பதாக இருந்தால், தஞ்சையில் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டிக் கொஞ்சம் முன்னதாகவே தயாராகுங்கள். கடிகாரத்தில் 12 மணி ஆகும்போது உச்சிப் பொழுது வந்திருக்காது, 12.15 வாக்கில்தான் வரும். அன்றைக்கு மேகம் மூடினால் மறுநாள் பாருங்கள். ஒரு மீட்டர் குச்சிக்கு ஆறு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் வரும்.