தொட்டிப்பாலத்தின் மேலும் கீழும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் மார்த்தாண்டத்தில் ஓர் அச்சுக்கடையில் டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கன்வென்ஷன் நோட்டீஸ், நினைவஞ்சலி போஸ்டர் என்று பகல் போய்விடும். இரவில் வீட்டுக்கு வந்தபின், மூன்று வருடமாக, ஆர்பிஜி மேக்கர் எம்வி என்ற மென்பொருளில் ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன். (ஆர்பிஜி என்பது ஒரு கதாபாத்திரமாக நடந்து ஆடும் கதைக் கேம்.) குலசேகரம் பக்கத்தில் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போன அப்பா திரும்பி வராததால், அவரைத் தேடி ஒரு பையன் மாத்தூர் தொட்டிப்பாலம் தாண்டிப் போகிறான் என்பதுதான் கதை. நிரல் எழுத எனக்குத் தெரியாது. தெரியாமலே பதினோரு மேப் (கேமில் ஆள் நடமாடும் இடத்தின் வரைபடம்) முடித்துவிட்டேன். இப்போது மூன்று இடங்களில் முட்டி நிற்கிறேன். பாலத்தின் மேல் நடந்தவனைப் பிறகு அதே பாலத்தின் அடியில் நடத்த முடியவில்லை. வசனத்தைத் தமிழில் போட்டால் எழுத்துகள் உடைந்துபோகின்றன. சண்டைக் காட்சி வைத்தால் கதையோடு ஒட்டவில்லை. எடுத்துவிட்டால் இது ஆர்பிஜியே இல்லை என்கிறார்கள். பொறியியல் படித்த நண்பன் ஒருவன், "அது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், யூனிட்டிக்கோ கோடோவுக்கோ மாறு" என்று தினமும் சொல்கிறான். அவை நிரல் எழுதிக் கேம் செய்யும் மென்பொருள்கள். இந்த வகை மென்பொருளில் நீங்கள் வேலை செய்திருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். மாறிவிடவா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், மார்த்தாண்டம்)

அன்புள்ள தம்பிக்கு,

மாற வேண்டாம். இதே மென்பொருளில் முடியுங்கள். ஆனால் அது தானாகக் கொண்டுவந்து உங்கள் கதைக்குள் வைத்தவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வையுங்கள். நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்த மென்பொருளின் வரிசை 1992இல் ஜப்பானில், ஆஸ்கி என்ற நிறுவனம் பிசி-98 கணினிக்காக வெளியிட்ட பதிப்பிலிருந்து தொடங்குகிறது. 1986இல் வந்த டிராகன் குவெஸ்ட், மறு ஆண்டு வந்த ஃபைனல் ஃபேன்டசி போன்றவற்றை ஆடி மயங்கிய ஒருவர், அதே போன்ற ஒன்றைத் தனியாளாகத் தம் அறையில் இருந்தபடியே செய்துவிட வேண்டும் என்பதற்காகவே அது உருவானது. எனவே அந்த வகைக் கேமின் எலும்புக்கூடு முழுவதும் அதற்குள் தயாராக இருக்கிறது. நால்வர் குழு, ஆயுதக் கடை, சத்திரம், வழியில் திடீரென்று மறிக்கும் பகைவர், சேமிக்கும் திரை என எதையும் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. புதிய கோப்பு ஒன்றைத் திறந்த அந்தக் கணமே ஓர் ஆள் நாலு பக்கமும் நடக்கத் தொடங்கிவிடுகிறான். வேறு எந்தக் கருவியும் முதல் ஐந்து நிமிடத்தில் இந்த மகிழ்ச்சியைத் தருவதில்லை. நான் நாகர்கோவிலில் ஒரு பிரௌசிங் சென்டரில் இருந்து ஆர்பிஜி மேக்கர் 2000 என்ற பதிப்பைக் கொண்டுவந்த நாளில் அந்த ஆள் நடந்ததைப் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. அப்போது கைக்குக் கிடைத்தது ஒரு ரஷ்ய நிரலாளர் தாமாகவே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பரப்பிய பதிப்பு; முறையான ஆங்கிலப் பதிப்பு 2015இல்தான் வந்தது.

இந்த மென்பொருளின் உண்மையான பலம் ஈவென்ட் என்று சொல்லும் அமைப்பில் இருக்கிறது; மேப்பில் ஒரு கட்டத்தில் வைத்து, எப்போது என்ன நடக்க வேண்டும் என்று சொல்லிவைக்கும் பொருள் அது. உங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு ரப்பர் மரத்தை ஈவென்டாக வைக்கிறீர்கள். அதற்கு இரண்டு பக்கங்கள். முதல் பக்கத்தில் வெட்டாத மரம். பையன் அருகில் வந்து பொத்தானை அழுத்தினால் கத்தி உரசும் ஒலி கேட்டு, அந்த மரத்துக்கு மட்டும் உரிய, செல்ஃப் ஸ்விட்ச் ஏ என்ற விசை திறந்துகொள்கிறது. அது திறந்திருந்தால் மட்டுமே வரும் இரண்டாம் பக்கத்தில், சாய்வாகக் கீறிய பட்டையும் கீழே பால் சொட்டும் சிரட்டையும் இருக்கின்றன. இதை நகலெடுத்து நாற்பது இடங்களில் ஒட்டினால் நாற்பது மரங்களும் தனித்தனியே தம் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும். இதில் ஒரு வரி நிரல்கூட இல்லை. ஆனாலும் நிபந்தனை, நிலை, விளைவு ஆகிய மூன்றையும் நீங்கள் சரியாக யோசித்திருக்கிறீர்கள். உங்கள் நண்பர் நிரலில் செய்வதும் அடிப்படையில் இந்த மூன்றைத்தான். இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

எரிச்சலும் அதே மரத்தில்தான் தொடங்குகிறது. ஒரு மாதம் கழித்து அந்தக் கத்தி ஒலி உங்களுக்குப் பிடிக்காமல் போகும். ஒட்டிய நகல்களுக்கும் மூலத்துக்கும் அதற்குள் எந்த உறவும் இல்லை. நாற்பது மரங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டியதுதான். ஆகவே ஒலியையும் வசனத்தையும் முதலிலேயே எல்லா மேப்புக்கும் பொதுவான காமன் ஈவென்ட் ஒன்றில் வைத்து, மரங்கள் அதை அழைக்கும்படி செய்துவிடுங்கள். ஆட்டோரன் (தானாகவே ஓடுவது) என்று வைத்த ஈவென்டை அணைக்க ஸ்விட்ச் வைக்க மறந்தால் கேம் அப்படியே உறைந்து நிற்கும் என்பது உங்களுக்கு இதற்குள் பட்டுத் தெரிந்திருக்கும்.

சண்டையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தயக்கமே வேண்டாம், எடுத்துவிடுங்கள். எம்வியின் தகவல் பட்டியலைத் திறந்தால் வௌவால், கூழ்ப்பிராணி, ஓர்க், மினோட்டார் ஆகியவை பகைவர்களாக நமக்கு முன்பே அங்கே குடியிருக்கின்றன. தாக்குபவரின் வலிமையை நான்கால் பெருக்கி, தாங்குபவரின் காப்பை இரண்டால் பெருக்கிக் கழித்தால் வருவது சேதம் என்ற சூத்திரமும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அப்பாவைக் காணாமல் டார்ச் விளக்கோடு இருட்டில் போகும் பிள்ளைக்கு இந்தக் கணக்கில் என்ன வேலை? அவனுக்கு எதிரே நிற்பது அச்சமும் நேரமும்தான். ஆர்பிஜி மேக்கர் 2003 என்ற பதிப்பில் செய்து 2004இல் வெளிவந்த யூமே நிக்கி என்ற கேமில் சண்டை அமைப்பு இல்லை. பேச்சும் ஏறக்குறைய இல்லை. எக்ஸ்பி பதிப்பில் செய்து 2011இல் வெளிவந்த 'டு த மூன்', கதையை மட்டுமே நம்பி நின்றது. 2012இல் வந்த 'இப்' என்ற கேம், ஓவியக்கூடத்தில் மாட்டிக்கொண்ட ஒரு சிறுமியைப் பற்றியது. பழைய 2000 பதிப்பிலேயே செய்தார்கள். இவர்கள் எல்லோரும் மென்பொருள் இலவசமாகக் கொடுத்த சண்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் நடையையும் ஈவென்டையும் மட்டும் வைத்துக்கொண்டவர்கள். நான் அப்படிச் செய்யவில்லை. பட்டியலில் காலியிடம் இருந்ததனாலேயே வாளும் கவசமுமாக நிரப்பிக்கொண்டு போனேன். அறுபது மேப்புகளுக்கு மேல் வரைந்தும் கதையின் கடைசி மேப்பை மட்டும் செய்யவே இல்லை. ஒருநாள் ஹார்ட் டிஸ்க் போயிற்று. இழந்ததற்காக நான் வருந்தியதைவிட, முடிக்காமல் இழந்தேனே என்று வருந்தியதுதான் அதிகம்.

இனி பாலம். கட்டங்களால் ஆன உலகில் ஒரு டைல் (ஒரு கட்டத்தை நிரப்பும் படத்துண்டு) மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: வட்டக் குறி போட்டால் மேலே நடக்கலாம், பெருக்கல் குறி போட்டால் முடியாது, நட்சத்திரம் போட்டால் ஆள் அதன் அடியில் மறைந்து போவான். ஒரே டைல் நேற்று வட்டமாகவும் இன்று நட்சத்திரமாகவும் இருக்காது. பாலம் என்றாலே இந்த மென்பொருளில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒருமுறை தலையில் கை வைத்திருப்பார்கள். டைல்களின் தொகுப்பான டைல்செட்டை நகலெடுத்து, ஒன்றில் வட்டமும் மற்றொன்றில் நட்சத்திரமும் போட்டு, பாலத்தின் முனையில் ஒரு ஈவென்ட் வழியாக ஒன்றை மற்றொன்றாக மாற்றலாம். அது வேலை செய்யும். ஆனால் உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஏனென்றால் நீங்கள் கட்டுவது ஏதோ ஒரு மரப்பாலத்தை அல்ல, மாத்தூர் தொட்டிப்பாலத்தை.

பறளியாற்றுக்கு மேலே 28 தூண்களில் 115 அடி உயரத்தில் கால்வாய் நீரைக் கடத்தும் பாலம் அது. எம்வியின் வழக்கமான திரை 816க்கு 624 புள்ளிகள். ஒரு கட்டம் 48 புள்ளிகள். ஆகவே திரையில் தெரிவது அகலத்தில் 17 கட்டம், உயரத்தில் 13 கட்டம். உங்கள் பையன் ஒரு கட்ட உயரம். அவனை நாலரை அடி என்று வைத்துக்கொண்டால் அந்தத் தூண் 25 கட்டத்துக்குச் சற்று மேல் வரும். அதாவது ஆற்றங்கரையில் நிற்பவனுக்கும் மேலே இருக்கும் பாலத்துக்கும் இடையே இரண்டு திரை உயரம் இருக்கிறது. இவை இரண்டும் ஒரே காட்சியில் சேரவே முடியாது. இரண்டு மேப்பாகச் செய்யுங்கள். மேல் மேப்பில் குறுகிய நடைபாதையும், பக்கத்தில் ஓடும் தண்ணீரும், இரண்டு பக்கமும் வெகு கீழே மங்கலாகத் தென்னந்தலைகளும் மட்டும் இருக்கட்டும். கீழ் மேப்பை நெடுக்காக நாற்பது கட்டத்துக்கு வரையுங்கள். ஆற்றிலிருந்து மேலே ஏறும் நீண்ட படிக்கட்டு உண்மையிலேயே அங்கே இருக்கிறது அல்லவா, இரண்டு மேப்பையும் இணைக்கும் இடமாற்ற ஈவென்ட் அதன் மேல் முனையில் இருக்கட்டும். பையன் முதன்முதலாகக் கீழே வந்து தூணைத் தொடும்போது, ஸ்க்ரோல் மேப் கட்டளையை மிக மெதுவான வேகத்தில் வைத்து, திரையைத் தூணின் வழியாக மேலே ஏற்றுங்கள். இசை வேண்டாம், நீர் ஓடும் ஒலி மட்டும் போதும். சற்று முன்பு அவன் சாதாரணமாக நடந்து வந்த இடம் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது ஆடுபவருக்கு அப்போதுதான் தெரியும். இரண்டையும் ஒரே மேப்பில் அடக்க முடிந்திருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குக் கிடைத்திருக்காது.

எழுத்து உடைவதுதான் மூன்றில் முக்கியமானது, நம்மைத் தவிர யாரும் நமக்காகச் சரிசெய்யப் போவதும் இல்லை. ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: பொருள் பட்டியலில் 'சிரட்டை' என்ற பெயர் ஒழுங்காகத் தெரியும், வசனப் பெட்டியில் மட்டும் உடையும். பட்டியலில் சொல் முழுவதையும் ஒரே வீச்சில் வரைகிறார்கள். வசனத்தையோ தட்டச்சு விழுவதுபோல் ஒவ்வொரு குறியாக எடுத்து வரைகிறார்கள். ஜப்பானிய எழுத்துக்கு அது பொருந்தும், அங்கே ஒவ்வோர் எழுத்தும் தனிச் சதுரம். 'கொ' என்பது கணினிக்குள் ககரமும் ஒரு குறியுமாக இரண்டு துண்டு. முதலில் க வரையப்படுகிறது, பிறகு துணையின்றி வந்த குறி, கொம்புக்கும் காலுக்கும் நடுவே புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கிறது. டிடிபி கைப்பழக்கத்தில், கடையில் வைத்திருக்கும் பழைய எழுத்துருவைப் போட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். கொம்பையும் காலையும் தனித்தனியே அடிக்கும் எழுத்துரு என்பதால் உடையாமல் வரும் என்பதும் உண்மை. இருந்தாலும் வேண்டாம். எழுத்துரு ஒருமுறை ஏறாமல் போனால் உங்கள் வசனம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்தாகக் கிடக்கும். யூனிகோடிலேயே எழுதுங்கள். எம்வி ஜாவாஸ்கிரிப்டில் ஓடுவதால், ஒரு குறியை எடுத்ததும் அடுத்து வருவது உயிர்க்குறியோ புள்ளியோ என்று பார்த்து, ஆமெனில் அதையும் சேர்த்தே வரையச் சொல்லும் ஒரு சிறு ப்ளகின் (மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்) போதும்; பத்துப் பன்னிரண்டு வரிதான். க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கும் தனி விதி எழுத வேண்டும். அதை நானே எழுதி இன்று மின்னஞ்சலில் அனுப்புகிறேன். தமிழ் எழுத்துருக் கோப்பு ஒன்றையும் கேமின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் வைத்துவிடுங்கள்.

வசனப் பெட்டி நான்கு வரி. நீண்ட வரியைத் தானாக மடிக்காது, பெட்டிக்கு வெளியே ஓடவிடும். இதற்கும் ப்ளகின் உண்டு, ஆனால் உங்கள் ஆட்கள் எழுத்துநடையில் பேச வேண்டிய தேவையே இல்லை. "இந்த நேரத்தில் எங்கே சென்றுகொண்டிருக்கிறாய்" என்பது இடிக்கும். "எங்க மக்களே போற" என்று நம் ஊர்ப் பாட்டி கேட்டால் அரை வரியில் அடங்கும். பெயர் உள்ளிடும் திரையையும் விட்டுவிடுங்கள். ஒரு பக்கத்தில் 90 கட்டமே உள்ள அதில் 247 எழுத்தை அடைப்பதைவிட, பையனுக்கு நீங்களே பெயர் வைப்பது நல்லது. கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஓடுவது போனில் படம் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும்.

உங்கள் நண்பர் சொல்வதில் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது. 2023இல் வந்த கோடோ 4 தமிழை உடைக்காமல் வரைகிறது. அது கட்டற்ற மென்பொருளும்கூட. ஆனால் அங்கே நடை, வசனப் பெட்டி, சேமிப்பு எல்லாவற்றையும் நீங்களே கட்ட வேண்டும். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு வருபவருக்கு அது இன்னும் மூன்று வருடம். அடுத்த கதைக்கு அங்கே போகலாம். இப்போது உங்களிடம் அவருக்கு இல்லாத ஒன்று இருக்கிறது: தினமும் படங்களில் வேலை செய்யும் கை. மென்பொருளோடு வரும் கல்வீடுகளை அகற்றிவிட்டு ஓட்டுவீட்டையும் ரப்பர் மரத்தையும் 48 புள்ளிக் கட்டத்தில் நீங்களே வரையுங்கள்.

பதினோரு மேப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அப்பா கிடைக்கும் மேப் அவற்றில் ஒன்றா என்று சொல்லவில்லை. இல்லையென்றால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு இந்த வாரம் அதைச் செய்யுங்கள். மரம் வரையாமல் வெறும் பச்சைக் கட்டமாக இருந்தாலும் சரி, அந்த ஒரு மேப்பை எனக்கு அனுப்புங்கள். விளையாடிப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்