சீனா கிராஃபைட்டை நிறுத்தினால் ஸ்கூட்டர் விலை ஏறுமா?

கேள்வி: எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பார்க்க ஷோரூமுக்குப் போயிருந்தேன். "சீனாக்காரன் கிராஃபைட்டை நிறுத்திட்டான் சார், அடுத்த மாசம் பேட்டரி விலை எகிறிடும், இன்னிக்கே அட்வான்ஸ் போட்டுடுங்க" என்கிறார் விற்பனையாளர். கிராஃபைட் பென்சிலில் இருப்பதுதானே? அதற்கும் ஸ்கூட்டருக்கும் என்ன சம்பந்தம்? அவசரப்பட வேண்டுமா? (வாசகர், திருச்சி)

பதில்: அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் உங்களை அவசரப்படுத்துகிறார்.

முதலில் சம்பந்தத்தைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி சர்வீஸ் செய்யும் ஒரு கடையில், செத்துப்போன செல் ஒன்றைப் பிரித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். (வீட்டில் முயலாதீர்கள், தீப்பிடிக்கும்.) பாய் மாதிரி சுருட்டிய இரண்டு நீளப் பட்டைகள். ஒன்று அலுமினியம், மற்றது செம்பு. செம்புப் பட்டையின் இரண்டு பக்கமும் கன்னங்கரேலென்று ஒரு பூச்சு. கடைக்காரர் கையுறையோடு தடவிக் காட்டினார், பென்சில் கிறுக்கிய காகிதத்தைத் தேய்த்தது போல மை அப்பியது. அதுதான் கிராஃபைட். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் போய் உட்காரும் இடம் அது. பெயர் என்னவோ லித்தியம் பேட்டரி. எடை போட்டால் உள்ளே லித்தியத்தைவிட கிராஃபைட்தான் பல மடங்கு அதிகம். "எங்களுடையது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, அதில் கிராஃபைட் கிடையாது" என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள், அதிலும் உண்டு.

இனி சீனா. உலகில் தோண்டியெடுக்கும் இயற்கை கிராஃபைட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு அங்கிருந்து வருகிறது. ரஷ்ய எல்லையை ஒட்டிய ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் ஜிஷி, லுவோபெய் பகுதிகளும், ஷாண்டோங் மாகாணமும் பேர்போன இடங்கள். ஆனால் என்னைக் கேட்டால் சுரங்கம் இரண்டாம்பட்சம். மொசாம்பிக்கிலும் மடகாஸ்கரிலும் பிரேசிலிலும்கூட கிராஃபைட் இருக்கிறது. பிடி இருப்பது அடுத்த கட்டத்தில். செதில் செதிலாக வரும் கிராஃபைட்டை உருட்டி உருட்டி நுண்ணிய உருண்டையாக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் தூளாகக் கழிந்துவிடும். பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கழுவி 99.95 சதவீதத் தூய்மைக்குக் கொண்டுவர வேண்டும். எலும்புவரை அரிக்கும் அமிலம் அது. இந்த வேலையை வேறு நாடுகள் வேண்டாமென்று ஒதுங்கிய காலத்தில் சீனா குறைந்த விலைக்குச் செய்துகொடுத்தது. சுரங்கங்களையும் ஆலைகளையும் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் கரித்தூளைச் சுவாசித்தார்கள். அந்த விலை எந்த பில்லிலும் ஏறவில்லை.

செயற்கை கிராஃபைட்டும் உண்டு. பெட்ரோலியக் கோக்கை (கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் கரி) 3,000 டிகிரியை ஒட்டிய சூட்டில் நாள்கணக்கில் வேகவைத்து எடுப்பது. கரண்ட் பில்தான் அதில் பெரிய செலவு. அதனால்தான் நிலக்கரி மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் உள் மங்கோலியாவில் உலைகள் குவிந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பேட்டரிக்கான கிராஃபைட்டில் 90 சதவீதத்துக்கு மேல் சீனக் கைபட்டது.

"நிறுத்திட்டான்" என்பதுதான் புளுகு. 2023 அக்டோபர் 20 அன்று சீன வர்த்தக அமைச்சகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது: டிசம்பர் 1 முதல் சில வகை கிராஃபைட்டை ஏற்றுமதி செய்ய அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்கா கணினிச் சிப்புக் கட்டுப்பாட்டை இறுக்கிய மூன்றாம் நாள் அது. அனுமதி வேறு, தடை வேறு. 2025 அக்டோபரில் செயற்கை கிராஃபைட் பேட்டரிப் பொருள்களுக்கும் கட்டுப்பாடு அறிவித்தார்கள். ஒரு மாதத்துக்குள் அதை 2026 நவம்பர் 10 வரை தள்ளிவைத்துவிட்டார்கள். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வப்போது இழுத்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் பர்சுக்கு வருவோம். பேட்டரியின் ஒரு யூனிட் (kWh) கொள்ளளவுக்குச் சுமார் ஒரு கிலோ கிராஃபைட் ஆகும். 3 யூனிட் பேட்டரிக்கு 3 கிலோ. கிலோ 5 டாலர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15 டாலர், நம் பணத்தில் ஆயிரத்துச் சொச்சம். அது இரட்டிப்பானாலும் ஸ்கூட்டர் விலையில் உறைக்காது. வரத்தே நின்றால் ஆலை நிற்கும், டெலிவரி தள்ளிப்போகும். அது தொழிற்சாலைக்காரரின் தலைவலி. நீங்கள் இன்று அட்வான்ஸ் போடுவதால் அது தீராது.

விற்பனையாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. வாரண்டி எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர்? பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள்? அது தாளில் இருக்கிறதா? வாயால் சொன்ன வாரண்டியை நுகர்வோர் நீதிமன்றத்தில் நிரூபிப்பது பெரும்பாடு.

கேள்வி: சீனச் சரக்கே இல்லாத பேட்டரி வாங்க முடியுமா? "இந்தியத் தயாரிப்பு" என்று போட்டிருந்தால் போதுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: போதாது. பெரும்பாலும் செல்களை இறக்குமதி செய்து, இங்கே அடுக்கிப் பெட்டியாக்குகிறார்கள். கொரியச் செல் என்றாலும் உள்ளே இருக்கும் கிராஃபைட் சீனாவிலிருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

நம் பக்கமும் கிராஃபைட் இல்லாமலில்லை. சிவகங்கையில் தமிழக அரசின் டாமின் நிறுவனம் எடுக்கிறது. அங்கே பாறையில் கிராஃபைட் சுமார் 14 சதவீதம்தான், மிதக்கவிட்டுப் பிரிக்க வேண்டும். இலங்கையில் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைப்பது பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக ஓடும் அபூர்வ வகை, வெட்டும்போதே 90 சதவீதத்துக்கு மேல் சுத்தம். முதல் உலகப்போர்க் காலத்தில் உலகச் சந்தையே இலங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருந்தும் என்ன, உருண்டையாக்கும் ஆலை இல்லாத இடத்தில் மூலப்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு பேட்டரி செய்துவிட முடியாது. லேபிளைத் தேடி அலையாமல், பக்கத்தில் சர்வீஸ் சென்டர் உள்ள வண்டியாகப் பாருங்கள்.

கேள்வி: பையன் பென்சிலைக் கடித்துக்கொண்டே இருக்கிறான். அதில் உள்ள காரீயம் விஷமாமே? (வாசகி, தென்காசி)

பதில்: பெயரால் வந்த குழப்பம். பென்சிலுக்குள் காரீயம் என்னும் ஈயம் கிடையாது, கிராஃபைட்டும் களிமண்ணும்தான். கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் பயமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது மேலே அடித்த பெயிண்டை. பேர் தெரியாத பளபளப்புப் பென்சிலைத் தவிர்த்து, பெயிண்ட் அடிக்காத மரப் பென்சிலாக வாங்கிக் கொடுங்கள்.