அடுக்களைக் கேள்வி – பதில்

கேள்வி: தேன்குழல் பிழிந்தால் எண்ணெய் குடிக்கிறது. இரண்டே நாளில் நமத்தும் போகிறது. ஏன்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: 4 கப் பச்சரிசி மாவுக்கு 1 கப் வறுத்தரைத்த உளுந்தமாவு, 2 மேசைக்கரண்டி வெண்ணெய் போதும். வெண்ணெய் கூடினால் முறுக்கு எண்ணெயில் பிரிந்துபோகும், குறைந்தால் கல்லாகிவிடும். எண்ணெய் சரியாகக் காயாமல் பிழிந்தாலும் குடிக்கும். துளி மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடியில் தங்காமல் மேலே வந்தால் பதம். மாவை மொத்தமாகப் பிசைந்து வைக்காதீர்கள், நேரமானால் முறுக்கு சிவந்துவிடும். முக்கியமானது, சலசலப்பு அடங்கிய பிறகே எடுக்க வேண்டும். அந்தச் சத்தம் உள்ளே ஈரம் இருப்பதற்கு அடையாளம். முன்னதாக எடுப்பதும், சூடு ஆறாமல் டப்பாவில் அடைப்பதும்தான் நமத்துப்போக வைக்கின்றன.

கேள்வி: மொட்டைமாடியில் காயவைத்த கறிவேப்பிலை வெளுத்துவிட்டதே?
– வாசகர், மேலூர்

பதில்: மதுரை வெயில் வற்றலுக்கும் வடகத்துக்கும் வரம், கறிவேப்பிலைக்கு ஆகாது. நிறத்தோடு வாசனையும் போய்விடும். கழுவி, துணியில் ஒற்றி, இலையை உருவி, வீட்டுக்குள் மின்விசிறிக்கடியில் பரப்புங்கள். மூன்று நான்கு நாளில் கையில் நொறுக்கினால் சருகாக உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் பாக்கி. பாட்டிலில் பூஞ்சை பிடிக்கும். இலையாகவே வையுங்கள், பொடித்தால் மணம் சீக்கிரம் போகும். கொத்தமல்லியைக் காயவைக்கவே வேண்டாம். வேரை நறுக்கி, கழுவாமல் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.